உடம்பு வாகு

நாலு நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால், ரத்தத்தைச் சோதித்து வரும்படி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டில் ‘விடால்’ என்று ஒரு சொல் இருக்கும். சிறு பிராயத்தில் அது ஏதோ கசப்பு மருந்தின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது ஒரு மனிதருடைய பெயர் என்று தெரிந்தது. பெர்னான் விடால் என்பவர் 1862-ஆம் வருஷம் அல்ஜீரியாவில் பிறந்து, பாரிஸ் நகரத்தில் பேரும் புகழுமாக வாழ்ந்து, 1929-இல் மறைந்த வைத்தியர். டைபாயிடைக் கண்டுபிடிக்கும் ரத்தச் சோதனையை அவர் 1896-இல் வெளியிட்டார். அதைவிட நல்ல சோதனைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் நம் ஊர்ச் சோதனைச் சாலைகளில் அவருடைய பெயர் இன்னும் தினந்தோறும் அடிபட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு நாவலாசிரியன் இருபது நாவல் எழுதியிருப்பான். ஊரார் வாயில் ஒன்றுதான் நிற்கும். மற்றவற்றில் நல்லது ஒன்று இருந்து, அதை யாரும் புரட்டிக்கூடப் பார்க்காமல் போனால் அவன் மனசு என்ன பாடு படும்! விடாலுக்கும் அப்படி ஒன்று உண்டு. 1922-ஆம் வருஷம் அப்ராமி, லெர்மோயே என்ற இரு துணைவர்களோடு சேர்ந்து பாரிஸ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை அது. தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒருவருக்கு இழுப்பு நோயை எப்படிக் கொண்டு வருகிறது என்பதுதான் அதன் விஷயம்.

எனக்கு இந்தக் கட்டுரையில் இத்தனை அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். என் சித்தி ஒருத்தி இருந்தாள். முப்பது வயது வரையில் அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அதற்கப்புறம் மூக்கு அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஜலதோஷம் என்றார்கள், அது வருஷக் கணக்கில் போகவில்லை. பிறகு வாசனையே தெரியாமல் போயிற்று. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இழுப்பு வந்தது. ஒரு நாள் தலைவலி என்று ஒரு மாத்திரையை விழுங்கினாள். அரை மணிக்குள் முகம் குப்பென்று சிவந்தது, மூக்கு ஆறாகப் பெருகியது, மூச்சு முட்டிவிட்டது. அந்த இரவு முழுவதும் கூடத்துத் தூணில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இப்படி மூன்று தடவை ஆன பிறகு, “அந்த மாத்திரைதான் என்னைக் கொல்லுகிறது” என்று தீர்மானமாகச் சொன்னாள். வந்து பார்த்த டாக்டர் சிரித்தார். “சிறு வயதிலிருந்து சாப்பிட்ட மாத்திரைதானே, அம்மா? திடீரென்று இப்போது மட்டும் விஷமாகிவிடுமா?” என்றார். பாட்டி, “அவள் உடம்பு வாகு அப்படி” என்றாள். டாக்டரின் சிரிப்பும் பாட்டியின் வாக்கியமும் சேர்ந்து அந்தப் பேச்சை அன்றோடு மூடிவிட்டன.

சித்தி சொன்னதுதான் சரி. அவள் பேரில் பாட்டி சாற்றிய வார்த்தையும் ஒரு வகையில் சரியே. அந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வைத்திய உலகத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது.

மாத்திரையின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரப் பட்டையைக் காய வைத்துத் தூளாக்கி, காய்ச்சல்காரர்கள் சுமார் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்ததாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையின் சத்திலிருந்து படிப்படியாக ரசாயனிகள் சாலிசிலிக் அமிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அது வலியைப் போக்கியது, வயிற்றையும் புண்ணாக்கியது. 1897-இல் ஜெர்மனியில் எல்பர்பெல்டு நகரத்தில், பேயர் கம்பெனியின் சோதனைச் சாலையில், பெலிக்ஸ் ஹாப்மன் என்பவர் அதைச் சற்றே மாற்றிச் சுத்தமாகத் தயாரித்தார். 1899-இல் அதற்கு ‘ஆஸ்பிரின்’ என்று பெயர் சூட்டினார்கள். யோசனை தன்னுடையது, ஹாப்மன் தன் சொற்படி செய்தவர்தான் என்று ஆர்தர் ஐகன்குருன் என்ற மற்றொரு ரசாயனி 1949-இல் எழுதினார். அவர் யூதர், நாஜிகளின் முகாமில் அடைபட்டுக் கிடந்து உயிரோடு திரும்பியவர். எழுதிய அதே வருஷத்தில் காலமாகிவிட்டார். பிள்ளை யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது தனிக் கதை.

மாத்திரை கடைக்கு வந்து மூன்றே வருஷத்தில், 1902-இல், ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் முதல் புகாரைப் பதிவு செய்தார். அவருடைய நோயாளிக்கு ஆஸ்பிரின் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பில் தடிப்பும் வீக்கமும் கண்டன. அப்புறம் அங்கும் இங்குமாக, ஆஸ்பிரினால் மூச்சுத் திணறியவர்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. இவற்றுக்கெல்லாம் வைத்தியர்கள் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து ஒட்டினார்கள்: ‘இடியோசின்கிரஸி.’ ‘தனக்கே உரிய கலவை’ என்பது அதன் பொருள். எங்கள் பாட்டிக்குக் கிரேக்கம் தெரியாது. இருந்தும் எவ்வளவு சரியாக மொழிபெயர்த்துவிட்டாள், பாருங்கள்! ஆனால் ஒன்று: ஒரு நோய்க்குக் கனமான பெயர் வைத்துவிட்டால், அதற்குக் காரணமும் தெரிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடலாம்.

கட்ட மறுத்தவர் விடால். அவரிடம் வந்த நோயாளிக்கு மூன்று உபத்திரவங்கள் இருந்தன. மூக்கினுள் திராட்சைக் கொத்துப் போலச் சதை வளர்ந்திருந்தது. ஆஸ்த்மா இருந்தது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றும் தற்செயலாக ஒரே உடம்பில் வந்து தங்கிய வழிப்போக்கர்கள் அல்ல, ஒரே குடும்பத்தார் என்று விடால் சந்தேகித்தார். வாய்ப் பேச்சோடு நில்லாமல், தம் கண் முன்னாலேயே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். இழுப்பு வந்தது. ஆன்டிபைரின் என்ற வேறொரு வலி மருந்தும் அந்த நோயாளிக்கு ஆகவில்லை என்று கண்டார். ரசாயன முறையில் அதற்கும் ஆஸ்பிரினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தச் சிறிய விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அதோடும் விடவில்லை. மருந்தைத் துளித் துளியாகக் கொடுத்து, அளவை மெல்ல ஏற்றி, உடம்பை அதற்குப் பழக்கியும் காட்டினார்.

அந்த 1922-ஆம் வருஷத்தில்தான், அதே பாரிஸ் நகரத்தில், மார்செல் புரூஸ்டு என்ற மகா நாவலாசிரியர் நவம்பர் மாதம் காலமானார். ஒன்பது வயதிலிருந்து ஆஸ்த்மாவோடு போராடியவர். அவருக்கு வந்தது விடால் கண்ட வகை என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. என்றாலும் தேதிகளை ஒன்றாகப் பார்த்தபோது, எழுதுகிறவன் என்ற முறையில், சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

விடாலின் கட்டுரை பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதில் அவர் சொன்ன காரணம் நிலைக்கவில்லை. கண்ணால் கண்டது மட்டும் கல்லாக நின்றது. ஆனால் ஆங்கிலம் படிக்கிற வைத்திய உலகம் அந்தக் கல்லில் இடறக்கூட இல்லை. நாற்பத்தாறு வருஷம் போயிற்று. அந்த நாற்பத்தாறு வருஷத்தில் எத்தனை சித்திகள் எத்தனை தூண்களில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார்களோ!

அதை மறுபடியும் மேலே கொண்டு வந்தவர் மாக்ஸ் சாம்டர். பெர்லினில் வைத்தியம் படித்தவர், யூதர். 1937-இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். சிகாகோவில் ரோலண்டு பியர்ஸ் என்பவரோடு சேர்ந்து, 1968-இல், ஆஸ்பிரின் ஒவ்வாத நோயாளிகளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மூக்குச் சதை, ஆஸ்த்மா, ஆஸ்பிரின் ஆகிய மூன்றுக்கும் ‘சாம்டர் மும்மை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. விடாலுக்கு டைபாயிடு போதும் என்று உலகம் நினைத்தது போலும்! சாம்டர் பேரில் எனக்குக் குறை இல்லை. அவர் செய்த வேலை பெரிது. இது அலர்ஜி அல்ல என்று ஓங்கிச் சொன்னவர் அவர்.

அலர்ஜி என்றால் என்ன? உடம்பு ஒரு பொருளை அடையாளம் வைத்துக்கொண்டு, மறுமுறை அது வரும்போது பாய்கிறது. பூட்டுக்குச் சாவி போல அந்த அடையாளம் அந்தப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். கொஞ்சம் ஜாடை உள்ள பொருளுக்கும் பொருந்தலாம். ஆனால் இந்த நோயாளிகளிடம் கணக்கு தலைகீழாக இருந்தது. ஆஸ்பிரினுக்கு அண்ணன் தம்பி போன்ற சோடியம் சாலிசிலேட்டைச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஜாடையே இல்லாத இன்டோமெதாசினைச் சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது. விடாலின் நோயாளியும் ஆஸ்பிரினோடு சம்பந்தமே இல்லாத ஆன்டிபைரினுக்கு இரைத்தார் அல்லவா? பூட்டு ஒன்று, சாவிகள் பல, ஒன்றைப் போல ஒன்று இல்லை. அப்படியானால் உடம்பு மருந்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அது செய்கிற வேலையைப் பார்க்கிறது.

என்ன வேலை? 1968-இல் அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆஸ்பிரின் எப்படி வலியைப் போக்குகிறது என்பதே எழுபது வருஷமாகத் தெரியாமல்தான் கோடிக் கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1960-ஐ ஒட்டி ஹாரி காலியர் என்ற ஆங்கிலேயர் கினிப்பன்றிகளின் மூச்சுக் குழல் சுருங்குவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டியிருந்தார். மனிதரில் சிலருக்கு மூச்சை அடைக்கிற அதே மருந்து, கினிப்பன்றிக்கு மூச்சைத் திறந்துவிட்டது!

1971-இல் லண்டனில் ஜான் வேன் முடிச்சை அவிழ்த்தார். உடம்பின் திசுக்களில் ‘பிராஸ்டகிளாண்டின்’ என்ற பொருள்கள் உற்பத்தியாகின்றன. வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றிலும் அவற்றுக்குக் கை உண்டு. அவற்றைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. இன்டோமெதாசினும் அப்படியே. இதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் கதை போலந்து தேசத்துக்குப் போகிறது. கொப்பர்நிக்கஸ் படித்த கிராக்கோ நகரத்தில் ஆந்திரேய் ஷ்செக்லிக் என்ற வைத்தியர் இருந்தார். உச்சரிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்கும் பெயர். மனிதர் ரசிகர், வைத்தியத்தையும் கலையையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஒன்றுக்கு நோபல் பரிசு பெற்ற கவி மிலோஷ் முன்னுரை எழுதியிருக்கிறார். அவரும், வேனிடம் வேலை பார்த்துத் திரும்பிய கிரிக்லெவ்ஸ்கியும், இன்னொரு டாக்டரும் சேர்ந்து ஓர் எளிய காரியம் செய்தார்கள். வலி மருந்துகளை வரிசையாக எடுத்து, எது எது அந்த நொதியை முடக்குகிறது என்று சோதனைக் குழாயில் பார்த்தார்கள். எது எது நோயாளிக்கு இழுப்பைத் தருகிறது என்று ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இரண்டு ஜாபிதாக்களும் பொருந்தின. நொதியை முடக்கிய மருந்து மூச்சையும் முட்டியது. முடக்காத மருந்து சும்மா இருந்தது. 1975-இல் இதை வெளியிட்டார்கள். பாராசிட்டமால் சாதாரண அளவில் இவர்களில் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாமல் விடுவதும், இன்று கடைக்குக் கடை கிடைக்கும் இபுப்ரோபனும் டைக்ளோபினாக்கும் ஆஸ்பிரினைப் போலவே தாக்குவதும் இதனால்தான்.

நான் இங்கே சற்று நின்று யோசித்தேன். சித்தியின் உடம்பில் மாத்திரை புதிதாக ஒரு விஷமமும் செய்யவில்லை. டாக்டரின் உடம்பிலும் என் உடம்பிலும் செய்கிற அதே வேலையைத்தான் செய்தது. ஒரே வேலைக்கு எங்களுக்கு நிவாரணம், அவளுக்கு மரண வேதனை. அப்படியானால் வித்தியாசம் வீட்டில். வந்த விருந்தாளியிடம் அல்ல.

அந்த வித்தியாசத்தைத் தேடினால் நல்ல பாம்பின் விஷத்தில் கொண்டுபோய் விடுகிறது. வில்ஹெல்ம் பெல்டுபெர்க் என்பவரும் பெர்லினில் வேலை பார்த்தவர், யூதர், 1933-இல் வேலை பறிபோனவர். 1938-இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் கெல்லவே என்பவரோடு சேர்ந்து, கினிப்பன்றியின் நுரையீரலில் நாக விஷத்தைச் செலுத்தி, அதிலிருந்து என்ன கசிகிறது என்று ஆராய்ந்தார். தசையை மெல்ல மெல்ல, ஆனால் விடாப்பிடியாகச் சுருக்கும் ஒரு பொருள் வந்தது. அது என்ன என்று தெரியாததால் ‘மெதுவாக வேலை செய்யும் பொருள்’ என்றே பெயர் வைத்தார்கள். நாற்பது வருஷம் அது பெயரில்லாப் பிள்ளையாகவே இருந்தது. 1979-இல் ஸ்டாக்ஹோமில் சாமுவெல்சன் குழுவினர் அதன் உருவத்தைக் கண்டு ‘லூக்கோட்ரியீன்’ என்றார்கள். மூச்சுக் குழலைச் சுருக்குவதில் அசகாய சூரன்.

பிராஸ்டகிளாண்டினும் லூக்கோட்ரியீனும் ஒரே கொழுப்பு அமிலத்திலிருந்து பிரிகிற இரண்டு வாய்க்கால்கள். ஒரு மதகை அடைத்தால் தண்ணீரெல்லாம் மற்றதில் புரளும் என்று முதலில் விளக்கம் சொன்னார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லார் உடம்பிலும் ஆஸ்பிரின் மதகை அடைக்கிறதே, எல்லாருக்கும் ஏன் இழுப்பு வரவில்லை? விஷயம் இதுதான்: பிராஸ்டகிளாண்டின்களில் ஒன்று லூக்கோட்ரியீன் உற்பத்திக்குக் கடிவாளமாக இருக்கிறது. ஆஸ்பிரின் அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. சாதுவான மாடானால் கடிவாளம் போனாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த நோயாளிகளிடம் இருப்பது முரட்டுக் குதிரை. லூக்கோட்ரியீனைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றைத் தாங்கிய செல்கள், மற்ற ஆஸ்த்மாக்காரர்களின் மூச்சுக் குழலில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு இவர்களிடம் இருப்பதாக 1998-இல் கண்டார்கள்.

முரட்டுக் குதிரை எங்கே பிறந்தது? இங்கேதான் பாட்டியின் வாக்கியம் திரும்பி வருகிறது. உடம்பு வாகு என்பது பிறவியில் வருவது அல்லவா? 1973-லேயே லாக்கி என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய துணைவர்களும் ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்த மும்மை இருப்பதை எழுதியிருந்தார்கள். 1997-இல் கிராக்கோவில் சானாக்கும் ஷ்செக்லிக்கும், அந்த நொதியின் மரபணு தொடங்கும் இடத்துக்கு 444 எழுத்துக்கள் முன்னால், ஓர் எழுத்து மாறியிருப்பது இந்த நோயாளிகளில் அதிகம் என்று வெளியிட்டார்கள். மனித மரபுச் சுவடியில் முந்நூறு கோடி எழுத்துக்கள். அதில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! அச்சுப் பிழையால் கதையே மாறிப்போனதை அனுபவித்தவன் என்ற முறையில் எனக்கு உடனே நம்பிக்கை பிறந்தது.

அவசரப்பட்டேன். அமெரிக்காவில் 2000-இல் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. ஜப்பானில் கிடைத்தது. குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்று பத்திரிகையில் போட்ட பிறகு, அடுத்த ஊரில் அவன் சம்பவத்தன்றே ஊரில் இல்லை என்று சாட்சி சொன்ன மாதிரி ஆயிற்று. அதே 1997-இல் போலந்து நோயாளிகளிடம் மற்றொரு தடயம் தென்பட்டது. அது ஆறாவது குரோமோசோமில், எது தன்னுடையது எது அந்நியம் என்று உடம்பு பிரித்தறிய உதவும் மரபணுக் கூட்டத்தில் இருந்தது. 2004-இல் கொரியாவில் அதே தடயம் அகப்பட்டது. 2013-இல், கொரியர்களிடமே, மரபுச் சுவடி முழுவதையும் சலித்துப் பார்த்தபோதும் தேடல் அந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்தது. இது அலர்ஜி அல்ல என்று வாசல் வழியாக அனுப்பிவிட்ட விருந்தாளியின் சொந்தக்காரன், கொல்லைப்புறமாக வந்து திண்ணையில் உட்கார்ந்த கதை!

ஆக, ஒரு மரபணு அல்ல, பல. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறது, எதுவும் தள்ளிவிடுவதில்லை. இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு வீட்டில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. நோய் பிறவியில் வருவதுமில்லை. முப்பது வயதை ஒட்டி, மூக்கடைப்பில் தொடங்கி, ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிறு வயதில் நூறு மாத்திரை தின்று ஒன்றும் ஆகாதவர்தான் நூற்றோராவது மாத்திரையில் விழுகிறார். “சிறு வயதிலிருந்து சாப்பிட்ட மாத்திரைதானே?” என்று கேட்டாரே டாக்டர், அந்தக் கேள்வியில்தான் நோயின் லட்சணமே இருந்தது. ஆஸ்த்மா உள்ள பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் ஏழு பேருக்கு இந்த வகை. ஆஸ்த்மா கடுமையாக உள்ளவர்களில் அதைப் போல இரண்டு பங்கு.

விடால் செய்த கடைசிக் காரியத்தைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு மறுபடியும் துரோகம் செய்தவனாவேன். துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கினார் என்றேன் அல்லவா? அதை 1980-இல் கலிபோர்னியாவில் ஸ்டீவன்சன் என்பவரும் துணைவர்களும் மீண்டும் முறைப்படுத்தினார்கள். ஆஸ்பத்திரியில், பக்கத்தில் டாக்டர் இருக்க, மிகச் சிறிய அளவில் ஆரம்பித்து முழு மாத்திரை வரையில் ஏற்றுகிறார்கள். நடுவில் இழுப்பு வரும், அடக்குகிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வருவதில்லை. அதன் பிறகு, எந்த மாத்திரை எமனாக இருந்ததோ அதையே தினம் விழுங்கி வந்தால் மூக்குச் சதை வளர்வது மட்டுப்படுகிறது. சிலருக்குப் போன வாசனை திரும்புகிறது. சில நாள் மறந்து விட்டுவிட்டால் பழக்கம் போய்ப் பழைய பகை வந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் பரீட்சை செய்து பார்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள். உயிரோடு விளையாடுகிற காரியம்.

சித்திக்கு இதெல்லாம் வாய்க்கவில்லை. பால் தீய்கிற வாசனை அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. டாக்டர் சிரித்துவிட்டுப் போன மறுநாள், என் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்த மாத்திரையின் பெயரை எழுதி, “இது எனக்கு ஆகாது, கொடுக்காதீர்கள்” என்று கீழே போடச் சொன்னாள். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். எந்த ஊருக்குப் போனாலும், எந்த டாக்டரைப் பார்த்தாலும், நாடியைப் பிடிக்குமுன் அந்தத் தாளை எடுத்து நீட்டுவாள். மடிப்பில் கிழிந்தபோது ஒரு தடவையும், மழையில் நனைந்தபோது ஒரு தடவையும் புதிதாக எழுதிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது.